நான்சி ட்ரூவை எழுதியது யார்?

கேரலின் கீன் என்று ஒரு அமெரிக்க எழுத்தாளர். 1930-ல் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட மர்ம நாவல்கள் அவர் பெயரில் வந்திருக்கின்றன. கோடிக்கணக்கில் விற்றிருக்கின்றன. உலகம் முழுவதும் இருந்து பள்ளிக்கூடப் பெண்கள் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பதிலும் வந்திருக்கிறது. எல்லாம் சரி, ஒரே ஒரு சிக்கல்தான். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை!

நான்சி ட்ரூ என்ற பெண் துப்பறிவாளரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆங்கில மீடியம் பள்ளி நூலகத்திலோ லெண்டிங் லைப்ரரியிலோ 'ஹார்டி பாய்ஸ்' புத்தகங்களுக்குப் பக்கத்து அலமாரியில் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு இளைஞர்களுக்கான ஃபேண்டஸி, த்ரில்லர் நாவல்களை எடுத்தால் வில்லேந்தும் பெண், மந்திரம் படித்த பெண், வாள் பிடித்த பெண் என்று கதாநாயகிகள் வரிசை கட்டி நிற்கிறார்கள். யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. 1930-ல் நிலைமை அப்படி இல்லை. பையன்களுக்கான புத்தகத்தில் பையன் விமானம் ஓட்டுவான், திருடனைப் பிடிப்பான். பெண்களுக்கான புத்தகத்தில் பெண் பெரும்பாலும் விடுதியில் தங்கிப் படிப்பாள், தோழிகளோடு சுற்றுலா போவாள், கடைசியில் கல்யாணம் ஆகும். கல்யாணம் ஆனதும் அந்தத் தொடரின் விற்பனை படுத்துவிடும். இந்த விதியை உடைத்து வந்தவள்தான் நான்சி.

அவள் யாருக்கும் கை கட்டி நிற்காத பெண். ஆனால் அவளை எழுதிய பெண்மணியோ, 'இதை எழுதியது நான் என்று வெளியே சொல்லமாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் கையெழுத்தின் கதை இது.

கதையை அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் இருந்து தொடங்கவேண்டும். எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயர் 1862-ல் எலிசபெத் என்ற ஊரில் பிறந்தவர். அண்ணனின் புகையிலைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளில் முதல் கதையை எழுதினார் என்று சொல்வார்கள். அந்தக் கதைக்கு 75 டாலர் கிடைத்தது. அதோடு கடை வியாபாரத்தில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. சிறுவர் கதைகளாக எழுதித் தள்ளினார். 1899-ல் தொடங்கிய 'ரோவர் பாய்ஸ்' தொடர் சக்கைப்போடு போட்டது.

எழுத்தாளர்கள் பொதுவாகப் புகழ் வந்தவுடன் இன்னும் நன்றாக எழுதப் பார்ப்பார்கள். ஸ்ட்ராட்டமேயர் வியாபாரி. தலையில் நூறு கதை இருக்கிறது, எழுதுவதற்கு இரண்டு கைதான் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று யோசித்தார். 1905 வாக்கில் அவர் ஆரம்பித்ததுதான் ஸ்ட்ராட்டமேயர் சிண்டிகேட். எளிமையாகச் சொன்னால் கதைத் தொழிற்சாலை. முதலாளி இரண்டு மூன்று பக்கத்துக்குக் கதைச் சுருக்கம் எழுதுவார். அது ஒரு எழுத்தாளருக்குப் போகும். அவர் சில வாரங்களில் முழுப் புத்தகமாக எழுதி அனுப்புவார். முதலாளி திருத்துவார். அட்டையில் கற்பனைப் பெயர் ஒன்று இருக்கும். ஹார்டி பாய்ஸுக்கு ஃபிராங்க்ளின் டிக்ஸன், டாம் ஸ்விஃப்டுக்கு விக்டர் ஆப்பிள்டன். இவர்களில் யாரும் உண்மையான ஆள் இல்லை.

எழுதுவதற்கும் விதிமுறைகள் இருந்தன. ஒவ்வொரு அத்தியாயமும் ஏதாவது ஒரு பதற்றத்தில் முடியவேண்டும் (மாத நாவலும் வாரத்தொடரும் படித்து வளர்ந்த நம்மவர்களுக்கு 'தொடரும்' போடும் இடத்தின் மகிமையைச் சொல்லவேண்டியதில்லை). ஆரம்ப அத்தியாயங்களிலேயே தொடரின் முந்தைய புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை வரவேண்டும். கடைசிப் பக்கத்தில் அடுத்த புத்தகத்துக்கு ஒரு தூண்டில் போடவேண்டும். இன்றைக்கு மார்க்கெட்டிங் வகுப்பில் கிராஸ் செல்லிங் என்று சொல்லித் தருகிறார்களே, அதை அந்த மனிதர் நூறு வருஷத்துக்கு முன்பே கதைக்குள் வைத்துத் தைத்துவிட்டார்.

அடுத்தது விலை. சிறுவர் புத்தகம் ஒரு டாலர் அளவில் விற்ற காலத்தில் 50 சென்ட்டுக்குக் கொடுங்கள் என்று பதிப்பாளர்களிடம் ஒற்றைக்காலில் நின்றார் ஸ்ட்ராட்டமேயர். லாபம் குறையும், ஆனால் அப்பாவின் அனுமதி இல்லாமல் பிள்ளைகளே தங்கள் காசில் வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை. நூலகர்களுக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. 1914-ல் பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பின் தலைமை நூலகர் ஃபிராங்க்ளின் மத்தியூஸ், இந்த மாதிரிப் புத்தகங்கள் பையன்களின் மூளையையே சிதறடிக்கின்றன என்று கட்டுரை எழுதினார். இன்று வீடியோ கேமுக்கும் செல்போனுக்கும் என்ன அர்ச்சனை நடக்கிறதோ அதே அர்ச்சனை அன்று கதைப் புத்தகத்துக்கு நடந்தது!

இனி அந்த ஒப்பந்தத்துக்கு வருவோம். எழுத்தாளருக்கு மொத்தமாக ஒரு தொகை. ராயல்டி கிடையாது. புத்தகத்தின் மேல் எந்த உரிமையும் கிடையாது. அந்தப் புனைபெயரை வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது. தான்தான் எழுதினேன் என்று வெளியே சொல்லக்கூடாது. நான்சி ட்ரூவின் ஆரம்பப் புத்தகங்களுக்குக் கொடுத்த தொகை ஒன்றுக்கு 125 டாலர். புத்தகத்தின் கடை விலை 50 சென்ட். அதாவது 250 பிரதிகள் விற்றால் வரும் மொத்தப் பணம்தான் எழுதியவருக்கு. 251-ஆவது பிரதியில் இருந்து இன்று வரைக்கும் ஒரு பைசா கிடையாது.

இதைச் சுரண்டல் என்று சட்டென்று சொல்லிவிடலாம். பிசினஸ் லா படித்தவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். இரண்டு தரப்பும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். மறுபயன் உண்டு, கட்டாயப்படுத்தல் இல்லை. புத்தகம் விற்காமல் போனால் நஷ்டம் சிண்டிகேட்டுக்கும் பதிப்பாளருக்கும்தான், எழுதியவர் பணத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை. ஒப்பந்தச் சட்டப்படி எல்லாம் சரியே. பணம் சரி, பெயர்? 'நான் எழுதினேன்' என்று சொல்லும் உரிமைக்கு என்ன விலை போடுவது? அந்த வரவை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

1926-ல் பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஸ்ட்ராட்டமேயரைத் தேடிப் போனவர்களில் ஒருவர் மில்ட்ரெட் அகஸ்டின். 1905 ஜூலை 10 அன்று அயோவா மாநிலத்தில் லடோரா என்ற குட்டி ஊரில் பிறந்தவர். நீச்சல், டைவிங் இரண்டிலும் புலி. அயோவா பல்கலைக்கழகத்தில் இதழியலில் முதன்முதலாக முதுகலைப் பட்டம் வாங்கியவர் அவர்தான், 1927-ல். திருமணத்துக்குப் பிறகு மில்ட்ரெட் வர்ட் ஆனார். பின்னாளில் முதல் கணவர் இறந்து, மறுமணம் செய்துகொண்டு மில்ட்ரெட் பென்சன் ஆனார். குழப்பம் வராமல் இருக்க இங்கே பென்சன் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் சிண்டிகேட்டின் வேறொரு தொடருக்கு எழுதிக்கொண்டிருந்த பென்சனிடம் 1929-ல் ஒரு புதிய வேலை வந்தது. ஹார்டி பாய்ஸ் தொடர் 1927-ல் வெளிவந்து நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பெண்களுக்கும் அப்படி ஒரு துப்பறியும் தொடர் வேண்டும். பதிப்பாளரான கிராசெட் அண்ட் டன்லப் நிறுவனத்துக்கு ஸ்ட்ராட்டமேயர் சில பெயர்களை எழுதி அனுப்பினார். ஸ்டெல்லா ஸ்ட்ராங், டயானா டேர், ஹெலன் ஹேல், நான் ட்ரூ... பதிப்பாளருக்குப் பிடித்தது நான் ட்ரூ. அதை நீட்டி நான்சி ஆக்கினார்கள். கதைச் சுருக்கம் முதலாளியுடையது. அதை வைத்து முதல் மூன்று புத்தகங்களையும் எழுதியவர் பென்சன்.

இந்த இடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. நடையும் பேச்சும் துணிச்சலும் சுருக்கத்தில் வராது. பூட்டிய அறைக்குள் மாட்டிக்கொண்ட பெண் அழுவாளா, ஆள் வரும்வரை காத்திருப்பாளா, கதவை உடைக்கப் பார்ப்பாளா என்பது எழுதுகிறவர் கையில். முதல் புத்தகமான 'ஓல்ட் கிளாக்' கதையில் திருடர்கள் நான்சியை அலமாரி அறைக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் பயப்படுகிறாள். பிறகு துணி மாட்டும் கட்டையைப் பிடுங்கி, அதையே நெம்புகோலாக்கிக் கதவை நெம்ப ஆரம்பிக்கிறாள். ரோட்ஸ்டர் காரில் தனியாகச் சுற்றுவாள், மோட்டார் படகு ஓட்டுவாள். இரண்டாவது புத்தகத்தில் பேய் வீடு என்று பேரெடுத்த பழைய வீட்டுக்குத் துப்பறியப் போகும்போது அப்பாவின் ரிவால்வரையும் எடுத்துக்கொண்டு போவாள். வயது 16! அம்மா இல்லை. அப்பா வக்கீல், மகளிடம் வழக்கு விஷயத்தில் யோசனை கேட்கிறவர். நெட் நிக்கர்சன் என்ற நண்பன் ஏழாவது புத்தகத்தில்தான் வந்து சேர்கிறான். வந்த பிறகும் அவனுக்கு வேலை, பெரும்பாலும் நான்சி சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதுதான்.

கதாநாயகி ரொம்பவும் துடுக்கு, இது எடுபடாது என்று ஸ்ட்ராட்டமேயர் தன்னிடம் சொன்னதாகப் பென்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சொன்னாரோ இல்லையோ, விற்பனையைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1930 ஏப்ரல் 28 அன்று மூன்று புத்தகங்களும் சேர்ந்து வெளிவந்தன. பன்னிரண்டே நாளில், மே 10 அன்று ஸ்ட்ராட்டமேயர் இறந்துபோனார்.

வால் ஸ்ட்ரீட் சரிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கம்பெனிகள் மூடிக்கொண்டிருந்த நேரத்தில் கற்பனை எழுத்தாளர்களை வைத்து நடத்தும் ஒரு கம்பெனியை யார் வாங்குவார்கள்? விற்கப் பார்த்தும் ஆள் கிடைக்கவில்லை. ஸ்ட்ராட்டமேயரின் இரண்டு மகள்கள் ஹேரியட், எட்னா. மூத்தவர் ஹேரியட் ஆடம்ஸ் 1914-ல் வெல்லெஸ்லி கல்லூரியில் பட்டம் வாங்கியவர். வேலைக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டவர். நம் வீட்டுப் பெண்கள் ஆபீஸ் போவதாவது என்று நினைத்த அப்பா, திருமணத்துக்கு முன் கொஞ்ச நாள் வீட்டிலேயே உட்கார்ந்து பிரதிகளைத் திருத்த மட்டும் அனுமதித்தார். இப்போது அவருக்கு நாலு குழந்தைகள். தொழில் அனுபவம் சுத்தமாகக் கிடையாது. இருந்தும் தங்கையோடு சேர்ந்து கம்பெனியைக் கையில் எடுத்தார். அலுவலகத்தை நியூயார்க்கில் இருந்து வீட்டுக்குப் பக்கத்தில், நியூ ஜெர்ஸியின் ஈஸ்ட் ஆரஞ்சுக்கு மாற்றிக்கொண்டார். ஆரம்ப காலத்தில் நான்சியின் கதைச் சுருக்கங்களை எழுதியதில் எட்னாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1942-ல் எட்னா விலகிக்கொள்ள, ஹேரியட் கிட்டத்தட்டத் தனியாகவே நாற்பது வருஷம் நடத்தினார்.

ஆக, பெண்ணை ஆபீசுக்கு அனுப்பாத அப்பா ஒரு துணிச்சல்காரக் கதாநாயகியைக் கற்பனை செய்துவிட்டுப் போக, அவளை வளர்த்தது மூன்று பெண்கள். இதை மறந்துவிட்டு ஹேரியட்டை வில்லியாக மட்டும் பார்ப்பது நியாயமாகாது. அவர் இல்லை என்றால் 1930-லேயே நான்சி நாலாவது புத்தகத்தோடு நின்றிருப்பாள்.

மந்தம் முற்றியதும் சிண்டிகேட் எழுத்துக்கூலியை 125-ல் இருந்து 75 டாலராகக் குறைத்தது. பென்சன் முடியாது என்று சொல்லிவிட்டார். எட்டு, ஒன்பது, பத்தாம் புத்தகங்களை வால்டர் காரிக் என்ற பத்திரிகையாளர் எழுதினார். பிறகு பென்சன் திரும்பி வந்தார். முதல் முப்பது நான்சி ட்ரூ புத்தகங்களில் இருபத்து மூன்று அவர் எழுதியவை. கடைசியாக எழுதியது 1953-ல்.

புத்தகங்கள் விற்றன என்று சொன்னால் போதாது. 1934-ல் 'ஃபார்ச்சூன்' பத்திரிகை இந்த ஐம்பது சென்ட் புத்தகத் தொழிலைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை போட்டது. ஆண் பிள்ளைகளின் கோட்டையாக இருந்த அந்தச் சந்தையில் நான்சி எப்படி நுழைந்து முதலிடத்துக்கு வந்தாள் என்பது பதிப்பாளருக்கே புரியாத மர்மம் என்று அதில் வியந்திருந்தார்கள். 1938, 1939-ல் வார்னர் பிரதர்ஸ் நாலு படம் எடுத்தது. இதில் எதிலும் பென்சனின் பெயர் இல்லை. இருக்கவும் முடியாது, கையெழுத்து அப்படி.

அவர் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சொந்தப் பெயரில் 'பென்னி பார்க்கர்' என்று பதினேழு புத்தகம் எழுதினார். பத்திரிகை ஆசிரியரின் மகள், வாயாடி, எதற்கும் அஞ்சாதவள். தனக்கு மிகவும் பிடித்தவள் பென்னிதான், நான்சி அல்ல என்று பென்சன் சொல்வார். விற்பனையில் மட்டும் நான்சிக்குப் பக்கத்தில்கூட வரமுடியவில்லை. 1944-ல் ஓஹையோ மாநிலம் டொலிடோ நகரில் பத்திரிகை நிருபராகச் சேர்ந்தார். போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் முதலில் வேலை போகப்போவது உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்களாம். ஐம்பத்தெட்டு வருஷம் அங்கேயே இருந்தார்! நடுவில் இரண்டு கணவர்களையும் இழந்தார். வயதான காலத்தில் விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கினார், மத்திய அமெரிக்காவுக்குப் போய் மாயா நாகரிகத்தின் இடிபாடுகளைப் பார்த்தார். நான்சி செய்ததை எல்லாம் எழுதியவரே செய்துகொண்டிருந்தார். பக்கத்து மேஜைக்காரர்களில் பலருக்கே அவர்தான் கேரலின் கீன் என்று தெரியாது.

இதற்கிடையில் நான்சியே மாறிக்கொண்டிருந்தாள். 1959 முதல் ஹேரியட் பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திருத்தி வெளியிட ஆரம்பித்தார். இருபத்தைந்து அத்தியாயம் இருபதானது. நான்சியின் வயது 16-ல் இருந்து 18 ஆனது. ரிவால்வர் காணாமல் போனது. ரோட்ஸ்டர் கன்வர்டிபிள் ஆனது. பேச்சில் இருந்த துடுக்கு குறைந்து மரியாதை கூடியது.

திருத்தத்துக்கு நியாயமான காரணமும் இருந்தது. பழைய புத்தகங்களில் கறுப்பின மக்களையும் யூதர்களையும் பிற நாட்டவர்களையும் காட்டியிருந்த விதம் கேவலமானது. 'ஓல்ட் கிளாக்' கதையில் வரும் கறுப்பினக் காவலாளி குடிகாரர், ஏமாளி, சிரிப்புக்கென்றே வைத்த பாத்திரம். நான்சியின் துணிச்சலைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். எழுதியவரும் எழுதச் சொன்னவரும் அந்தக் காலத்து வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்தின் பார்வையை அப்படியே வைத்திருந்தார்கள். திருத்தப் பதிப்பு இதை எப்படிச் சரி செய்தது தெரியுமா? பல இடங்களில் அந்தப் பாத்திரத்தை வெள்ளைக்காரராக மாற்றியது, அல்லது நீக்கியது. கேலி போயிற்று, கூடவே ஆளும் போய்விட்டார்கள்.

இத்தனை திருத்தமும் செய்த பிறகு, நான்சி முழுக்க முழுக்கத் தன்னுடையவள் என்ற எண்ணம் ஹேரியட்டுக்கு உறுதியாகிவிட்டது போலும். 1950-களில் இருந்து நான்சி புத்தகங்களை அவரேதான் எழுதினார், அது உண்மை. ஆனால் பேட்டிகளில், ஆரம்பத்தில் இருந்தே எல்லாவற்றையும் எழுதியது நான்தான் என்று சொல்லத் தொடங்கினார். பத்திரிகைகளும் நம்பின. எங்கோ ஓஹையோவில் கோர்ட் செய்திகளும் நகராட்சிச் செய்திகளும் எழுதிக்கொண்டிருந்த கிழவிக்கு இது வலிக்காமல் இருந்திருக்குமா? பென்சன் பணம் கேட்டு வழக்குப் போடவில்லை. ஒப்பந்தத்தைப் பல வருஷம் காப்பாற்றினார். ஹார்டி பாய்ஸ் எழுதிய கனடாக்காரர் லெஸ்லி மக்ஃபர்லேன் 1976-ல் தன் அனுபவங்களைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். பென்சன் அதுவும் செய்யவில்லை.

ரகசியத்தை உடைத்தது கடைசியில் ஒரு வியாபாரச் சண்டை. 1979-ல் சிண்டிகேட் ஐம்பது வருஷப் பதிப்பாளரான கிராசெட்டை விட்டுவிட்டு, புதிய புத்தகங்களை சைமன் அண்ட் ஷுஸ்டருக்குக் கொடுத்தது. கிராசெட் வழக்குப் போட்டது. 1980-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் விசாரணை. புத்தகங்களை உண்மையில் எழுதியது யார் என்ற கேள்வி அங்கே வந்து நின்றது. ஹேரியட்டின் பேச்சை மறுக்க கிராசெட் தரப்பு ஒரு சாட்சியைக் கூப்பிட்டது. எழுபத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்த பென்சன் கூண்டில் ஏறினார்.

அவரைப் பார்த்ததும் ஹேரியட், நீங்கள் இறந்துவிட்டதாக அல்லவா நினைத்தேன் என்று கேட்டதாகச் சொல்வார்கள். கேட்டதன் அர்த்தம் அதிர்ச்சியா, அலட்சியமா, வயதான காலத்து மறதியா... யார் கண்டது? அப்போது ஹேரியட்டுக்கு எண்பத்தேழு வயது. பழைய கடிதங்களும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்களும் நீதிமன்றத்தில் ஆவணங்களாக வந்தன. பெயரை மறைத்து வைக்கப் போட்ட அதே காகிதமே பெயரை வெளியே கொண்டுவந்துவிட்டது! சாட்சியத்தில் பென்சன், ஹேரியட் அம்மையாரின் நான்சி வேறு, என் நான்சி வேறு என்ற பொருளில் சொன்னார். நான்சியின் பக்கங்களை இரண்டு காலப் பதிப்பிலும் படித்துப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

தீர்ப்பு இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. பழைய புத்தகங்களின் கெட்டி அட்டைப் பதிப்பு கிராசெட்டிடமே இருக்கும், புதியவற்றை சிண்டிகேட் விரும்பிய இடத்தில் வெளியிடலாம். எழுத்தாளர் யார் என்பதற்கு நீதிமன்றம் பரிசு எதுவும் தரவில்லை. பென்சன் ஓஹையோவுக்குத் திரும்பி மறுபடி வேலைக்குப் போனார். 1982-ல் ஹேரியட் இறந்தார். இரண்டு வருஷத்தில் சிண்டிகேட்டையே சைமன் அண்ட் ஷுஸ்டர் வாங்கிவிட்டது. அந்த அலுவலகத்தின் காகிதக் கட்டுகள் பிறகு நியூயார்க் பொது நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆய்வாளர்கள் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க, யார் எந்தச் சுருக்கத்தை எழுதினார், யார் எந்தப் புத்தகத்தை எழுதினார் என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. 2005-ல் மெலனி ரீஹாக் ஹேரியட், பென்சன் இருவரின் வாழ்க்கையையும் சேர்த்தே ஒரு நல்ல புத்தகம் எழுதினார். நான்சிக்கு அம்மா ஒருவர் இல்லை, இருவர் என்று அதைப் படித்தவர்களுக்குத் தோன்றும். எட்னாவையும் சேர்த்தால் மூன்று.

நான்சியின் முதல் வழக்கு என்ன தெரியுமா? ஒரு பெரியவர் இறந்துபோகிறார். சொத்து எல்லாம் வசதியான ஒரு குடும்பத்துக்குப் போகப்போகிறது. அவரைப் பாசமாகப் பார்த்துக்கொண்ட ஏழைச் சொந்தங்களுக்கு ஒன்றும் இல்லை. அவர் எழுதிய இன்னொரு உயில் எங்கோ இருக்கவேண்டும் என்று நான்சி தேடிப் போகிறாள். பழைய கடிகாரத்துக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைக்கிறது, அதில் உயில் இருக்கும் வங்கிப் பெட்டகத்தின் விவரம் இருக்கிறது. (புத்தகத்தைப் படிக்காதவர்கள் மன்னிக்கவும். 96 வருஷம் ஆகிவிட்டது :-)) உரியவர்களுக்கு உரியது போய்ச் சேருகிறது. பென்சன் அதை எழுதியபோது வயது 24.

நடுவில் இன்னொரு விஷயம். மந்தத்தின் உச்சத்தில் விற்ற இந்தப் புத்தகங்களில் நான்சிக்குப் பணக்கவலையே இல்லை. அவள் ஃபீஸ் வாங்குவதும் இல்லை. அப்பா இருக்கிறார், கார் இருக்கிறது, சமைத்துப் போட ஹன்னா இருக்கிறார். யதார்த்தம் இல்லை என்று குறை சொல்லலாம். ஆனால் அப்பாவுக்கு வேலை போன வீட்டில் உட்கார்ந்து அந்த ஐம்பது சென்ட் புத்தகத்தைப் படித்த பெண்ணுக்கு, தன் வயதுப் பெண் ஒருத்தி காரை எடுத்துக்கொண்டு யாரிடமும் கேட்காமல் போகிறாள் என்பதே பெரிய ஃபேண்டஸிதான். டிராகன் தேவையில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் மூன்று பெண் நீதிபதிகளான சாண்ட்ரா டே ஓ'கானர், ரூத் பேடர் கின்ஸ்பர்க், சோனியா சோட்டோமேயர் மூவரும் சிறுவயதில் நான்சி ட்ரூ படித்ததைச் சொல்லியிருக்கிறார்கள். வெவ்வேறு தலைமுறை, வெவ்வேறு பின்னணி. அரிசோனா பண்ணை, புரூக்ளின், பிராங்ஸ் என்று வெவ்வேறு இடங்களில் வளர்ந்தவர்கள்.

1993-ல் அயோவா பல்கலைக்கழகம் நான்சி ட்ரூவுக்கென்றே ஒரு மாநாடு நடத்தியது. அங்கே பென்சன் வெளிப்படையாகக் கௌரவிக்கப்பட்டார். நாடு முழுவதும் செய்தி வந்தது. அப்போது அவருக்கு எண்பத்தேழு. 2001-ல் அமெரிக்க மர்மக் கதை எழுத்தாளர் சங்கம் சிறப்பு எட்கர் விருது கொடுத்தது. அவருடைய அண்டர்வுட் டைப்ரைட்டர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2002 மே 28 அன்று பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது உடல்நிலை சரியில்லாமல் போய், அன்று இரவே இறந்தார். வயது 96. பத்திரிகைக்கான பத்தியை அதுவரை எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

2026 ஜனவரி 1 அன்று, வெளியாகி 95 ஆண்டு முடிந்ததால், 1930-ல் வந்த நாலு நான்சி ட்ரூ புத்தகங்களும் அமெரிக்காவில் காப்புரிமை நீங்கிப் பொதுச்சொத்தாகிவிட்டன. திருத்தப்பட்ட 1959 பதிப்புக்கு இது பொருந்தாது. ரிவால்வரோடு வரும் 16 வயது நான்சிக்கு மட்டும்தான். அந்த நாலும் பென்சன் எழுதியவை. இனி அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சடித்து விற்கலாம், ஒப்பந்தம் தடுக்காது. அட்டையில் என்ன பெயர் போடுவது என்பதை அச்சடிப்பவர்தான் முடிவு செய்யவேண்டும்.